நகராத மேகம்

“எம்பட கம்பெனியையே தூக்கிட்டாங்க, அம்மணி!”

கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்த மனிதரைப் பார்த்ததும் ஆரோக்கியராஜ் டீ கிளாஸை மேஜையின் ஓரத்திலிருந்து உள்ளே நகர்த்தினான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. கக்கத்தில் ஆள் உயரத்துக்குச் சுருட்டிய துணி. முகம் மட்டும் பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தது. ஆத்தப்பனைத் தெரியாதவர்கள் திருப்பூரில் குறைவு. ப்ளீச்சிங்கில் தொடங்கி, இப்போது சேவூர்ப் பக்கம் சொந்தமாக நிட்டிங் கம்பெனி கட்டி உட்கார்ந்திருப்பவர். துணியை வெளுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று அவரே சொல்வார், மற்றவர்களும் மறுக்க மாட்டார்கள்.

“தூக்கிட்டாங்கன்னா, மிஷினுங்களா? நூலுங்களா?” என்றாள் சாரதாமணி.

“கம்பெனியைங்க! கட்டடம், கேட்டு, காம்பவுண்டு, வாட்ச்மேன் ரூமு அத்தனையும்.”

“இப்ப அந்த இடத்துல என்ன சார் இருக்கு?” என்றான் ஆரோக்கியராஜ்.

“கம்பெனிதான் இருக்குது. ஷிப்டு ஓடிட்டிருக்குது.”

ஆரோக்கியராஜ் அக்காவைப் பார்த்தான். அக்கா சிரிக்கவில்லை. சாரதாமணி ஏற்றுமதிக் கம்பெனிகளில் பல வருஷம் பனியனில் ஓட்டை தேடிச் சம்பளம் வாங்கியவள். இப்போது மனிதர்களின் பேச்சில் ஓட்டை தேடிச் சம்பளம் வாங்குகிறாள். பட்டன் கடைக்கு மேலே இந்த ஒற்றை அறைதான் அவளுடைய துப்பறியும் அலுவலகம். ஆரோக்கியராஜ்தான் அதன் ஒரே உதவியாளன், டிரைவர், மற்றும் அக்கா கேட்காமலே கருத்துச் சொல்லும் இலாகாவின் தலைவர்.

“சித்த உக்காருங்கண்ணா. முதல்ல அந்தத் துணியை விரிங்க,” என்றாள் அவள்.

விரித்ததும் ஆரோக்கியராஜ் வாயைப் பிளந்தான். பருந்தின் கண்ணால் பார்த்த பூமி. அவிநாசி, சேவூர், ஊத்துக்குளி வட்டாரம் மொத்தமும் துணியில் அச்சாகிக் கிடந்தது. செம்மண் செம்மண்ணாகவே இருந்தது. தென்னந்தோப்பு கரும்பச்சை, வாழைத்தோட்டம் இளம்பச்சை. ஊத்துக்குளி பக்கத்துக் குன்று நிழலோடு எழுந்து நின்றது. விரல் வைத்துத் தடவினால் மேடு தட்டும் போலிருந்தது.

“சேட்டிலைட்டு படத்துல இருந்து செஞ்சதுங்க. நாளைக்கு எங்ககிட்ட பனியன் வாங்கற ஜெர்மனிக்கார பையருங்க கம்பெனியப் பாக்க வர்றாங்க. ரிசப்ஷன் செவுத்துல மாட்டலாம்னு ஆர்டர் குடுத்தேன். வந்து பாத்தா...” ஆத்தப்பன் வலது உள்ளங்கையைப் படத்தின் ஓரிடத்தில் பதித்தார். “இங்கிருக்கோணும் எம்பட கம்பெனி. மக்காச்சோளக் காட்டைப் போட்டு வெச்சிருக்காங்க. பக்கத்துல பாருங்க, எம்பட பங்காளி கதிர்வேல் கம்பெனி. அவனோட தண்ணித்தொட்டி மொதக்கொண்டு தெரியுது!”

“யாரு செஞ்சிருப்பாங்கன்னு நெனைக்கறீங்க?”

“நெனைக்கறதென்ன? அந்த மேப்புக் கம்பெனியில ஆஷான்னு ஒரு புள்ள. கதிர்வேல் சொல்லி அதுதான் அழிச்சிருக்குது. சாயங்காலம் ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட்டு குடுக்கப்போறனுங்க. அவனும் அந்தப் புள்ளையும் கூட்டுன்னு நீங்க ஒரு ரிப்போர்ட்டு குடுத்தீங்கன்னா போதும்.”

“பாக்கறேனுங்க. மேப்பை இங்கயே வெச்சுட்டுப் போங்க.”

“அது எதுக்குங்க?” என்றவர், கேட்டு முடிப்பதற்குள் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வந்த வேகத்திலேயே படியிறங்கியும் போனார்.

“அக்கா, கேஸு ரொம்ப ஈஸி,” என்றான் ஆரோக்கியராஜ். “களவுபோன சாமான் போன இடத்துலயே இருக்கு. களவுக்குச் சாட்சியை உடையவரே தூக்கிட்டுப் போயிட்டாரு. களவாணி பேரையும் சொல்லிட்டாரு. மிச்சம் நமக்கு இந்த டீயைக் குடிக்கிற வேலைதான்.”

“குடிச்சாச்சுன்னா வண்டிய எடு தம்பி. அந்தப் புள்ளையப் பாத்துட்டு வரலாம்.”

அவிநாசி ரோட்டில் ஒரு லேபிள் அச்சகத்துக்கு மேல்மாடியில் இருந்தது மேப் கம்பெனி. முதலாளி தமிழ்செல்வன் வாசலிலேயே வரவேற்றார். வரவேற்றார் என்பதைவிட வழிமறித்தார் என்பது சரி. ஆத்தப்பன் காலையில் போனில் போட்ட சத்தத்தில் அவருக்கு இன்னும் காது அடைத்திருந்தது.

“கம்ப்யூட்டரைப் பூட்டி வெச்சுட்டனுங்க. சாயங்காலத்துக்குள்ள தெளிவாகலீன்னா அந்தப் புள்ளைய அனுப்பிப்போடுவேன். எனக்கு எதுக்குங்க போலீசு வம்பெல்லாம்?”

அந்தப் புள்ளை வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில், பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவள் போல உட்கார்ந்திருந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது இருக்கலாம். அழுது முடித்துவிட்டுக் கோபத்துக்கு வந்திருந்தாள்.

“நான் எதையும் அழிக்கல. எங்க வேணும்னாலும் வந்து சொல்லுதேன்,” என்றாள் எழுந்து.

அந்தச் ‘சொல்லுதேன்’ என்பதைக் கேட்டதும் ஆரோக்கியராஜுக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. “பிள்ளைக்கு எந்த ஊரு?”

“அப்பா சாத்தான்குளம். இங்க டெய்லரா இருக்காவ. நான் பொறந்தது இங்கதான்.”

“அப்ப நம்ம பக்கம்! நமக்கு நாசரேத்து. இனி கவலைய விடு, அக்கா பாத்துக்கிடுவாவ.”

ஆஷா அவனை நம்பியதாகத் தெரியவில்லை. சாரதாமணி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பதமாகக் கேட்டதும்தான் விஷயம் வந்தது. ஐதராபாத்தில் அரசாங்க மேப் நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. இன்னும் ஒரு வாரத்தில் வீட்டுக்கு வருவார்கள். அதற்குள் அவள் பெயரில் ஸ்டேஷனில் ஒரு புகார் ஏறிவிட்டால் அந்த வேலை அவ்வளவுதான்.

“அப்பா தெரு முழுக்க லட்டு குடுத்துட்டாவ, அக்கா,” என்றாள். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

ஆரோக்கியராஜுக்கு அதுவரை இது ஒரு வேடிக்கைக் கேஸாகத்தான் இருந்தது. அந்த லட்டு அவன் தொண்டையில் போய் நின்றுகொண்டது.

சாரதாமணி தமிழ்செல்வனிடம் திரும்பினாள். “ஏனுங்க, நாளைக்கு யாராவது கேட்டா, கம்ப்யூட்டரைப் பூட்டி வெச்சது யாருன்னுதான் முதல்ல கேப்பாங்க. உங்க பேரை எதுக்குங்க முதல்ல கொண்டு வர்றீங்க?”

தமிழ்செல்வன் போய்ப் பூட்டைத் திறந்துவிட்டார்.

ஆஷாவின் மேஜையைப் பார்த்தால் மேப் போடுகிற இடம் மாதிரியே இல்லை. சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவர்களில் மண். ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் எழுத்து: சேவூர், மூலனூர், ஊத்துக்குளி. பக்கத்தில் சாயப்பட்டறைகளில் ஷேடு பார்க்க வைத்திருக்கும் விளக்குப் பெட்டி ஒன்று.

“இது என்னா, மண்ணு யாவாரமா?” என்றான் ஆரோக்கியராஜ்.

“ஷேடு பாக்கிறதுக்குண்ணே. சாயத்துக்குத் துணி பிட்டு வெச்சுப் பாப்பாவல்லா, அதே மாதிரி. ஸ்கிரீன்ல நான் வெச்ச செகப்பும் இந்த மண்ணும் ஒரே வெளிச்சத்துல ஒத்துப்போவணும். சேட்டிலைட்டு நம்ம போன் மாதிரி போட்டோ எடுக்காது. செகப்பைத் தனியா அளக்கும், பச்சையத் தனியா அளக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒண்ணையும் அளக்கும். எல்லாத்தையும் அப்படியே சேத்தா ஊரே நீலப் புகையா, பயிரெல்லாம் கறுத்துப்போய்த் தெரியும்.”

அவள் ஒரு படத்தைத் திறந்து காட்டினாள். பத்துத் தடவை துவைத்த சட்டை மாதிரி இருந்தது கொங்கு நாடு.

“இதுல புகைய எடுத்துட்டு, அந்தக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துல இருந்து கொஞ்சத்தைப் பச்சையில கலக்கணும். அப்பத்தான் பயிரு பயிராத் தெரியும். பொறவு தரையோட உயரக் கணக்கை வெச்சு மேடு பள்ளத்துக்கு நிழல் போடுவேன். வடமேற்கு மூலையில இருந்து வெயில் அடிக்கிற மாதிரி.”

“வடமேக்குல எந்த ஊருல தாயி சூரியன் வருது?”

“வராதுதான். ஆனா தெக்க இருந்து வெளிச்சம் போட்டா நம்ம கண்ணுக்கு மலை குழியாவும் குழி மலையாவும் தெரியும்ணே. எல்லா ஊருலயும் மேப்புக்காரங்க இப்படித்தான் செய்வாங்க.”

“கல்யாண வீட்டுப் போட்டோக்காரன் உங்கிட்ட வந்து படிக்கணும்.”

சாரதாமணி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே திரையில் மக்காச்சோளக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கண்ணு, இது ஒரே நாள்ல எடுத்த படமா?”

“இல்லக்கா. பல நாள் படத்தைச் சேத்துத் தச்சது. ஒரு நாள் படத்துல எங்கயாவது மேகம் கெடக்கும். அந்த இடத்தை வெட்டிட்டு, மேகம் இல்லாத வேற நாள்ல இருந்து அதே இடத்தை எடுத்து ஒட்டுவோம். ப்ரோகிராமே செஞ்சிரும்.”

“ஒட்டுப்போட்ட பனியன்,” என்றான் ஆரோக்கியராஜ்.

“அப்ப ஒட்டுப்போடாத படத்தைக் காட்டு. ஒவ்வொரு நாளா.”

ஆஷா ஒவ்வொன்றாகத் திறந்தாள். மாசி மாதத்துப் படம். வானம் துடைத்து வைத்தது போலிருந்தது, அங்கங்கே சில மேகத் துண்டுகள் மட்டும். ஆத்தப்பன் கம்பெனி இருக்க வேண்டிய இடத்தில் பளீரென்று ஒரு வெள்ளைத் துண்டு. அடுத்து சித்திரைப் படம். மற்ற மேகமெல்லாம் இடம் மாறியிருந்தன, ஆத்தப்பன் மேல் அதே வெள்ளை. ஆடி மாதப் படத்திலும் அதே. ஆஷா நெற்றியைச் சுருக்கினாள்.

“ஊருக்கெல்லாம் பொது மேகம், இவருக்கு மட்டும் சொந்த மேகமா?” என்றான் ஆரோக்கியராஜ். “பாவம், அதுவும் நம்மள மாதிரித்தான் போலிருக்கு. மத்த மேகத்துக்கெல்லாம் பக்கத்துல கறுப்பா ஒரு ஜோடி நிக்கு. இதுக்கு மட்டும் இன்னும் பொண்ணு அமையல.”

சாரதாமணியின் கை அவன் தோளில் விழுந்தது. அடிக்கப் போகிறாள் என்று குனிந்தான். அவள் அடிக்கவில்லை.

“தம்பி, இன்னொருக்கா சொல்லு.”

“பொண்ணு அமையலங்கிறதையா?”

“அதுக்கு முந்தி.”

“மேகத்துக்குப் பக்கத்துல கறுப்பா...” என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

“நெழல்,” என்றாள் சாரதாமணி. “காலை வெயில்ல எல்லா மேகமும் கொஞ்சம் தள்ளி மேக்கால நெழல் போட்டிருக்குது. இது போடல. மேகம்னா நகரோணும், நெழல் விழோணும். இது ரெண்டுமே பண்ணல.”

ஆஷா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். “அய்யோ, அது மேகமே இல்லக்கா! ஏதோ தரையில இருக்கிற வெள்ளை. என் ப்ரோகிராம் வெள்ளையப் பாத்ததும் மேகம்னு வெட்டிட்டுது. நிழலும் கூட இருக்கான்னு பாக்க நான் அதுக்குச் சொல்லிக் குடுக்கல. அது என் தப்புதான்.”

“வெட்டுன எடத்துல ஒட்டுன பிட்டு எப்பத்தது?”

“மேகம் இல்லாத நாள் கிடைக்கிற வரைக்கும் அது பின்னால போயிட்டே இருக்கும். இங்க... கம்பெனி கட்டுறதுக்கு முன்னாடி வரைக்கும் போயிருக்கு. அந்த வருஷத்து மழைக்காலத்துப் படம்.”

“பெருசு பண்ணு.”

மக்காச்சோளத்தின் இளம்பச்சை திரையை நிறைத்தது. அதன் நடுவே கோணல்மாணலாக, இன்னும் அடர்ந்த பச்சையில் ஒரு கோடு ஓடியது. ஏதோ வேலி என்று ஆரோக்கியராஜ் நினைத்துக்கொண்டான். அக்கா அதை ஷிப்மென்டுக்கு முந்தின நாள் சட்டைத் தையலைப் பார்க்கிற மாதிரி வெகு நேரம் பார்த்தாள்.

“லேப்டாப்புல எல்லாத்தையும் ஏத்திக்க, கண்ணு. ஆத்தப்பண்ணன் கம்பெனிக்குப் போலாம்.”

சேவூர் ரோட்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. நாளை வரப்போகும் ஜெர்மனிக்காரர்களுக்காகக் கம்பெனி வாசலில் பூந்தொட்டிகளை வரிசை வைத்துக்கொண்டிருந்தார்கள். சாரதாமணி ஆத்தப்பனிடம் ஒரே ஒரு உதவிதான் கேட்டாள்: தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் இரும்புப் படியில் நின்று கூரையைப் பார்க்க வேண்டும்.

ஏறிப் பார்த்த ஆரோக்கியராஜுக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. கூரை முழுக்க வெள்ளை. சாதாரண வெள்ளை இல்லை, கண்ணைக் கூசச் செய்கிற கல்யாண வெள்ளை. பக்கத்தில் கதிர்வேலின் கூரை மற்றவர்கள் கூரையைப் போலவே துருவேறிக் கிடந்தது.

“கூலிங் பெயின்ட்டுங்க, கூரை போட்டப்பவே அடிச்சது,” என்றார் ஆத்தப்பன். அந்த நேரத்திலும் அவரால் பெருமையை அடக்க முடியவில்லை. “பெயின்ட்டுக்காரன் ஒரு கோட்டு போதும்னான். எனக்கு அந்த வெள்ளை பத்துலீங்க. மேல மேல அடிக்கச் சொல்லிட்டேன். ப்ளீச்சிங்காரன் கூரை பழுப்பா இருந்தா ஊரு சிரிக்காதுங்களா?”

“அண்ணா, உங்க கம்பெனியத் தூக்குனது யாருன்னு கண்டுபுடிச்சாச்சு,” என்றாள் சாரதாமணி. “நீங்கதானுங்க.”

ஆஷா படியிலேயே லேப்டாப்பை விரித்து வைத்துக் காட்டினாள். வெள்ளையைப் பார்த்து ப்ரோகிராம் ஏமாந்தது, நிழலில்லாத மேகம், பழைய படத்திலிருந்து எடுத்து ஒட்டிய துண்டு எல்லாவற்றையும் சொன்னாள். திருப்பூரிலேயே வெளுப்பான கூரை உங்களுடையதுதான் என்று ஆகாயமே சான்றிதழ் கொடுத்துவிட்டது, இனி என்ன வேண்டும் என்று ஆரோக்கியராஜ் தன் பங்குக்குச் சேர்த்தான். ஆத்தப்பன் சிரிப்பார், தோளில் தட்டுவார், மோர் வரவழைப்பார் என்று அவன் எதிர்பார்த்தான்.

ஆத்தப்பன் சிரிக்கவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அதெல்லாம் இருக்கட்டுங்க. கம்ப்ளெயின்ட்டு குடுக்கறது குடுக்கறதுதான்.”

ஆஷா லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தாள். ஆரோக்கியராஜ் வாயைத் திறந்தான். சொல்வதற்கு ஒரு ஜோக்கும் கிடைக்கவில்லை. அவனுக்கு அப்படி நேர்வது அபூர்வம்.

“நீங்க அப்படித்தான் சொல்லுவீங்கன்னு நானும் நெனைச்சனுங்க,” என்றாள் சாரதாமணி நிதானமாக. “காணாமப்போன எடத்தக் காட்டறவங்க விரல வெச்சுக் காட்டுவாங்க. நீங்க காலையில உள்ளங்கையால மூடுனீங்க. வெச்ச கைய மேப்பைச் சுருட்டற வரைக்கும் எடுக்கவே இல்ல. எடுத்தா மக்காச்சோளத்துக்கு நடுவால இருக்கறது தெரிஞ்சிருக்கும்.”

“என்னத்தைங்க இருக்குது?”

“ஓடைங்க.”

காற்றாலை ஒன்று தூரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே பூந்தொட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. அதுவரை வேலி என்று நினைத்திருந்த அந்தக் கரும்பச்சைக் கோட்டை ஆரோக்கியராஜ் லேப்டாப்பில் எட்டிப் பார்த்தான். ஈரம் இருக்கிற இடத்தில்தானே அப்படிப் பச்சை பிடிக்கும்!

“கட்டறதுக்கு முந்தி மண்ணை அடிச்சு சர்க்கார் ஓடைய மூடிட்டீங்க. மேல கம்பெனி வந்ததும் ஊரும் மறந்து போச்சு. இப்பப் பாத்தா மேப்புல பளிச்சுன்னு நிக்குது. இதே மேப்பு கதிர்வேல் கம்பெனியில மாட்டியிருக்குது, சேவூர் பள்ளிக்கூடத்துல மாட்டியிருக்குதுன்னு வர்ற வழியில இந்தப் புள்ள சொல்லுச்சு. எல்லாத்தையும் போயிக் கிழிக்க முடியாது. ஆனா மேப்பு போட்ட புள்ள காசு வாங்கிருச்சுன்னு ஆக்கிட்டா, அது போட்ட ஓடையும் பொய்னு ஆயிடுமுங்க. அதுக்குத்தானுங்களே கம்ப்ளெயின்ட்டு? கம்பெனி காணாமப்போனதுல உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. அது நல்ல சாக்கு.”

ஆத்தப்பன் துண்டை மறுபடி கழுத்துக்குக் கொண்டுபோனார். ஆஷாதான் பேசினாள், மெதுவாக: “அதுக்கு நானா சார் கெடச்சேன்?”

அந்தக் கேள்விக்கு அவர் கண்ணைத் திருப்பிக்கொண்டார். ஆரோக்கியராஜுக்கு அவரைப் பிடித்துப் படியிலிருந்து உருட்டிவிட வேண்டும் போலிருந்தது.

“தாராளமா குடுங்க,” என்றாள் சாரதாமணி. “குடுத்தா போலீசு இந்தப் புள்ளைய எப்படிச் செஞ்சேன்னு கேக்கும். அது ஒவ்வொரு வருஷத்துப் படமாத் தொறந்து காட்டும். எந்த வருஷம் ஓடை இருந்துச்சு, எந்த வருஷம் மண்ணு விழுந்துச்சுன்னு ஸ்டேஷன்ல எல்லாரும் வேடிக்கை பாப்பாங்க. நாளைக்கு ஜெர்மனிக்காரங்களுக்கும் சேதி போவும்.”

ஆத்தப்பன் இரும்புப் படியில் தொப்பென்று உட்கார்ந்தார். கூரையின் வெள்ளை அவர் முகத்தில் அடித்தது.

“ஓடைன்னு பெருசாச் சொல்றீங்க. மழை பேஞ்சா மட்டும் ஓடற தண்ணி. அதுக்குப் போயி...” என்று இழுத்தவர், கையை வீசினார். “சரி, கம்ப்ளெயின்ட்டு இல்லீங்க. போயிட்டு வாங்க.”

வந்த வேலை முடிந்தது. ஆரோக்கியராஜ் ஒரு படி இறங்கினான். ஆஷா இறங்கவில்லை.

“சார், உங்க கம்பெனிய நான் மேப்புல போட்டுத் தாரேன். அது விட்டுப்போனது என் தப்பு. ஆனா ஓடைய எடுக்க மாட்டேன்.” லேப்டாப்பை அவர் மடிமேலேயே வைத்தாள். கீபோர்டில் இரண்டு தட்டு தட்டினாள். “இப்பப் பாருங்க. உங்க கூரையப் போட்டாச்சு.”

பச்சைக்கு நடுவே அவருடைய வெள்ளைக் கூரை வந்து உட்கார்ந்தது. ஓடை வடக்கேயிருந்து, கதிர்வேல் கம்பெனியை ஒட்டி வளைந்து வந்து பின்மதிலில் முட்டி மறைந்தது. முன்கேட்டுக்கு அப்பால், ரோட்டுக்கு அந்தப் பக்கம், மறுபடியும் கிளம்பித் தன் வழியே போனது.

“உங்க ஓடை கேட் பாஸ் வாங்கிட்டு வெளிய போவுது போல,” என்று ஆரோக்கியராஜ் முணுமுணுத்தான். யாரும் கவனிக்கவில்லை.

“இந்த உயரக் கணக்கெல்லாம் நீங்க கட்டுறதுக்கு முன்னாடி எடுத்தது சார். மூடுனது இந்தக் கொஞ்சத்தைத்தான். மேல இருக்கிற காடெல்லாம் இன்னும் உங்க பக்கம்தான் சாஞ்சு கெடக்கு. பெரிய மழை பேஞ்சா அத்தன தண்ணியும் இங்கதான் வரும். இந்தக் கறுப்பு நிழல் இருக்கு பாருங்க, அதான் பள்ளம். முதல்ல நிக்கிற இடம்.”

ஆத்தப்பன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். விரலால் அந்த நிழலின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“அது எம்பட டெஸ்பாட்ச் குடோனு,” என்றார் கடைசியில்.

“போன ஐப்பசியில தண்ணி பூந்துச்சுங்களா?” என்றாள் சாரதாமணி.

“முழங்காலுக்குங்க. கட்டி வெச்ச பெட்டியெல்லாம் ஊறிப்போச்சு. கதிர்வேல்தான் வரப்பை வெட்டித் தண்ணிய இக்கட்ட, எம்பட பக்கம், உட்டுட்டான்னு...” அவர் நிறுத்தினார். “ஊருக்கு முன்னால அவனைக் கேக்கக்கூடாததெல்லாம் கேட்டுப்போட்டேன். அவன் இல்லீன்னு சத்தியம் பண்ணான். நான் நம்புல. தை மாசம் அவன் மக கல்யாணம். ஊரே போச்சு. பெரியப்பன் மொறையில முன்னால நிக்க வேண்டியவன், நான் போகுலீங்க.”

சாரதாமணி பார்வையைத் தோட்டங்களின் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆரோக்கியராஜுக்கு அவர் மேலிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அறுபது வயசுக்காரர் ஒருவர் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தால் கோபத்தை எத்தனை நேரம்தான் பிடித்து வைத்திருக்க முடியும்?

அவர் போனை எடுத்தார்.

“தமிழ்செல்வா, ஆத்தப்பன் பேசறேன். அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு எம்பட கூரை மேல. ஸ்டேஷனுக்கெல்லாம் நான் போகுல. அது எப்பவும் போல அதும்பட சீட்டுலயே உக்காந்திருக்கட்டும், கேட்டுக்கோ. அதை வெளிய உக்கார வெச்சீன்னு கேள்விப்பட்டன்னா, அப்பறம் நான் அங்க வந்து உக்காந்துக்குவேன்.”

ஆஷா முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான் போலிருந்தது. “இனிமே உங்கப்பா லட்டைத் திருப்பிக் கேக்க வேண்டாம்,” என்றான் ஆரோக்கியராஜ். இந்தத் தடவை அவள் நிஜமாகவே சிரித்தாள்.

“கண்ணு,” என்றார் ஆத்தப்பன் எழுந்து. “நாளைக்குக் காத்தால மாட்டற மாதிரி புது மேப்பு ஒண்ணு போட்டுத் தர முடியுமா?”

ஆஷா துப்பட்டாவை இறக்கினாள். “ஓடையோடதான் சார்.”

“ஓடையோடதான். ஆனா அது மதில்ல வந்து முட்டிட்டு நிக்கற மாதிரி மாட்டுனா பாக்கறவங்க சிரிப்பாங்க. வந்து எடத்தைக் காட்டு. மதிலை எங்க ஒடைச்சு உட்டா தண்ணி குடோனுக்குள்ள பூந்துராம ஓரமாப் போவுமோ, அங்க ஒடைச்சர்றேன். தாலுக்கா ஆபீசுக்கும் நானே போயிச் சொல்லிக்கறேன்.”

ஆஷா லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். ஆத்தப்பன் செருப்பைப் படியடியிலேயே விட்டுவிட்டு அவள் பின்னால் நடந்தார். குடோனைச் சுற்றிப் போய், பின்மதில் ஓரமாக நின்று நின்று அளந்து, ஓரிடத்தில் அவள் கையை வைத்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் கதிர்வேலின் கம்பெனி. மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

ஆத்தப்பன் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு அங்கே கிடந்த கல்லின் மேல் ஏறி, மதிலைப் பிடித்துக்கொண்டு, வாயருகே கையைக் குவித்தார்.

“டேய் கதிர்வேலு! இக்கட்ட வாடா! தண்ணி நீ உட்டது இல்லையாமா. இந்தப் புள்ள சொல்லுது!”